மேல்நோக்கி வழிந்த துளி

சர்வேயர் வீட்டுக்குள் வந்த எலக்ட்ரீஷியன், வணக்கம் சொல்வதற்கு முன்பே தன் கருவிப் பையை மேசைமேல் வைத்தார். அதைப் பார்க்கப் பிடிக்காதவர் போல நாற்காலியைச் சற்றுத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"இதை நீங்களே வெச்சுக்குங்க சார். இனிமே எனக்கு வேண்டாம். ஆனா நான் பண்ணின தப்பு என்னன்னு மட்டும் எனக்குத் தெரிஞ்சாகணும்."

சர்வேயர் என்று எல்லோரும் அழைத்தாலும் அவர் நிலம் அளந்தவர் இல்லை. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில், எரிந்த கடைகளையும் நொறுங்கிய வண்டிகளையும் பார்த்து, நடந்தது விபத்தா வேறு ஏதாவதா என்று சொல்லும் வேலையில் இருந்தவர். ஓய்வு பெற்றாயிற்று. ஓய்வு அவருக்குத்தான் கிடைத்ததே தவிர அவருடைய கண்களுக்குக் கிடைக்கவில்லை. தீர்க்க முடியாத சிக்கல் என்றால் இன்னமும் ஆட்கள் அவரைத்தான் தேடி வந்தார்கள்.

அவருக்கு ஒரு துணையும் உண்டு. மனைவியின் தம்பி. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். தெருவுக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்து கொடுக்கிறவனுக்குக் கண்ணெதிரே இருப்பது தெரியாது என்பது அவருடைய அக்காவின் தீர்ப்பு. துப்பு, தடயம் என்று காதில் விழுந்தால் போதும், கடையைப் பூட்டிக்கொண்டு ஓடி வந்துவிடுவார். அன்றைக்கும் அப்படித்தான் வந்திருந்தார். ஆனால் எலக்ட்ரீஷியனைப் பார்த்ததும் மட்டும் அவருக்கு என்னவோ போலாகிவிட்டது. கையில் இருந்த தேநீர்க் கோப்பையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எலக்ட்ரீஷியனை அந்தப் பகுதியில் 'டெஸ்டர்' என்றுதான் சொல்வார்கள். சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் எப்போதும், மின்சாரம் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்டர் இருக்கும். இன்று அந்தப் பை காலியாக இருந்தது.

அவர் சொன்ன விஷயம் இது. படச்சட்டம் போடும் கடைக்காரர் ஒருவர் வீட்டில், வெளிச் சுவரில் இரண்டு பிளக் பாயின்ட் வைத்துக் கொடுத்தார். ஒன்று வாசல் பக்கம். இன்னொன்று வீட்டின் பின்புறம், வாஷிங் மெஷின் பக்கத்தில். வெளியில் வைப்பது என்பதால் மழைக்குத் தாங்கும் மூடிபோட்ட பிளாஸ்டிக் பெட்டிகள். மின்சாரம் எங்காவது கசிந்தால் உடனே வீடு முழுவதையும் அணைத்துவிடும் ட்ரிப்பர் ஒன்றையும் உள்ளே போர்டில் பொருத்தினார். வேலை முடிந்து பல மாதங்கள் ஆயிற்று.

போன வாரம் கடைக்காரரின் தம்பி அண்ணன் வீட்டுக்கு வந்திருக்கிறார். சலூன் நடத்துபவர். இரவு பெய்த மழை விட்டிருந்தது. தன் வண்டியைக் கழுவலாம் என்று, தண்ணீர் பீய்ச்சும் மெஷினின் பிளக்கைப் பின்புறப் பெட்டியில் செருகப் போனார். ஷாக் அடித்துத் தூக்கி எறிந்துவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் வலது கை விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கத்தரிக்கோல் பிடித்துப் பிழைக்கிறவருக்கு அந்த விரல்கள் திரும்பி வருமா என்று மருத்துவராலும் சொல்ல முடியவில்லை. பொறுத்துத்தான் பார்க்கவேண்டுமாம்.

"கேள்விப்பட்டு ஓடினேன் சார். பெட்டி தலைகீழா இருக்கு. வயர் போற ஓட்டை எப்பவும் கீழே பார்த்து இருக்கணும். அது வானத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கு. மழைத்தண்ணி நேரா உள்ளே இறங்கியிருக்கு."

"நீங்க அப்படி மாட்டினதா ஞாபகம் இருக்கா?" என்றார் சர்வேயர்.

"அதான் சார் இல்ல. அன்னிக்கு என் பொண்ணு பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில இருந்தா. என் மனசு இங்க இல்ல. கை மட்டும்தான் வேலை செஞ்சுது. வேற யாராவது அந்தப் பெட்டியைத் தொட்டாங்கன்னும் வீட்டுக்காரர் சொல்லல. அப்ப நான்தானே?"

அதற்குப் பிறகு வேலைக்கு இவரை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் இவர் போவதாக இல்லை. சுவிட்சைப் போடவே கை நடுங்குகிறது என்றார். சர்வேயர் வேறு இரண்டு விஷயங்கள் கேட்டார். வேலை முடிந்த பிறகு அந்த வீட்டிலிருந்து ஏதாவது புகார் வந்ததா என்பது ஒன்று. ஒரே ஒரு முறை போன் வந்தது, மழை பெய்தால் ட்ரிப்பர் விழுந்து வீடு இருட்டாகிவிடுகிறது என்றார்கள், மழைக்கு அப்படித்தான் இருக்கும், ஒரு நாள் வந்து பார்க்கிறேன் என்று சொன்னேன், போகவில்லை என்றார் டெஸ்டர். அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

"அடுத்த கேள்வி. வீட்டுக்காரர் உங்களைத் திட்டினாரா?"

டெஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். "இல்ல சார். ஒரு வார்த்தை திட்டல. நடந்தது நடந்துபோச்சு, நீங்க வீட்டுக்குப் போங்கன்னாரு. நாலு திட்டு திட்டியிருந்தா நான் அன்னிக்குத் தூங்கியிருப்பேன்."

சர்வேயர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். பையையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அங்கே போனால் ஒரு ஸ்க்ரூடிரைவர் தேவைப்படலாம் என்றார்.

வழியெல்லாம் மைத்துனர் சும்மா வரவில்லை. டெஸ்டர் பத்தடி முன்னால் போகட்டும் என்று காத்திருந்து, "அத்தான், எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அண்ணன் தம்பிக்குள்ள சொத்துத் தகராறு" என்று காதைக் கடித்தார். அவர்களுக்குச் சொத்தே இல்லை என்று தெரிந்ததும், அப்படியானால் அண்ணியாகத்தான் இருக்கவேண்டும் என்றார். சர்வேயர் எதற்கும் பிடிகொடுக்காமல் நடந்தார்.

சிறிய வீடு. கேட்டைத் தாண்டியதும் வாசல் பக்கத்துச் சுவரில் முதல் பெட்டி இருந்தது. அதில் இஸ்திரிப்பெட்டி செருகியிருந்தது. மேசைமேல் பாதித் துணி மடித்தும் பாதி மடிக்காமலும் கிடந்தது. கடைக்காரர் கதவைத் திறந்தார். ஐம்பது வயதிருக்கும். மெலிந்த மனிதர். கடைக்குப் போகவில்லையா என்று கேட்டதற்கு, தம்பி ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது கடை எங்கே ஓடும் என்றார். டெஸ்டரைப் பார்த்ததும் அவர் கண்கள் சட்டென்று தரைக்குப் போயின. குற்றம் செய்தவரைப் பார்த்து, அதனால் பாதிக்கப்பட்டவர் ஏன் தலை குனியவேண்டும் என்று நம் மைத்துனருக்குத் தோன்றவில்லை. அவர் சுவரில் இருந்த படங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

படங்கள் ஏராளமாகத்தான் இருந்தன. மலை, கடல், கல்யாண போட்டோ, யாரோ ஒருவருடைய குதிரை. எல்லாம் அவரே சட்டம் போட்டவை. சர்வேயர் படங்களைப் பார்க்கவில்லை. கதவின் கீல் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சட்டை மாட்டும் கொக்கியைப் பார்த்தார். பிறகு அலமாரியின் கைப்பிடியை.

"எல்லாம் உங்க கைவேலையா? ரொம்ப சுத்தமா இருக்கு."

"ஆமா சார். எதையும் வெளி ஆள்கிட்ட விடறதில்ல," என்றார் கடைக்காரர். சொன்ன பிறகு, எதையோ கீழே போட்டுவிட்டவர் போல நின்றார்.

சமையலறையில் அவர் மனைவி இருந்தார். உள்ளே போனதுமே கண்ணில் பட்டது, அங்கே எதுவும் மற்ற வீடுகளைப் போல இல்லை என்பதுதான். குழாய்க்கு நீளக் கைப்பிடி. டப்பாக்களின் அடிப்பாகம் பலகையில் ஒட்டப்பட்டிருந்தது, ஒரு கையால் மூடியைத் திருகினால் போதும். தீப்பெட்டி சுவரோடு ஆணியடிக்கப்பட்டிருந்தது. காய் நறுக்கும் பலகையில் காயைப் பிடித்துக்கொள்ள இரண்டு முள். அந்த அம்மாவின் இடது கை முழங்கைக்குக் கீழே மடங்கியபடியே நின்றுவிட்டது. சர்வேயரின் பார்வை போன இடத்தைக் கவனித்துவிட்டு அவரே சொன்னார்.

"இவரோட வண்டியில போகும்போது சறுக்கிடுச்சு சார். எலும்பு சரியா கூடல. அதுலேருந்து வீட்டையே எனக்காக மாத்திட்டாரு. நான் எதையாவது தொட்டா மறுநாள் அதுக்கு ஒரு கைப்பிடி முளைச்சிடும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கணவர் சிரிக்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தம்பிக்கு ஷாக் அடித்த அன்று எங்கே இருந்தீர்கள் என்று சர்வேயர் கேட்டார். அந்த அம்மாவின் சிரிப்பு போய்விட்டது. இங்கேயேதான், அடுப்பு பக்கத்தில் என்றார். அலமாரிமேல் இருந்த பழைய ரேடியோவைக் காட்டினார். அது பிளக்கில் செருகி ஓடும் ரேடியோ.

"அது சத்தமா பாடிக்கிட்டு இருந்துச்சு. ஒரு பாட்டு முழுசா முடிஞ்சுது சார். அதை நிறுத்தினதுக்கு அப்புறம்தான் கொழுந்தன் முனகறது கேட்டுது. முன்னாடியே நிறுத்தியிருந்தா ஓடியிருப்பேன். அதை நினைச்சா சோறு இறங்கல எனக்கு."

ஆக அந்த வீட்டில் குற்ற உணர்ச்சி இல்லாதவர் யாருமே இல்லை. அந்த அம்மாவுக்கு ரேடியோ. டெஸ்டருக்குப் பெட்டி. கடைக்காரருக்கு என்ன என்பதுதான் தெரியவில்லை. ஆனால் மூன்று பேரில் அவர் முகம்தான் மிகவும் வெளிறிப்போயிருந்தது.

ட்ரிப்பர் இருந்த போர்டு சமையலறைக்கு வெளியே, தலைக்கு மேல் உயரத்தில் இருந்தது. ஒரு முக்காலி போட்டு ஏறவேண்டும். சர்வேயர் ரேடியோவைப் போடச் சொன்னார். டெஸ்டரை ஏற்றி, ட்ரிப்பரின் சோதனைப் பொத்தானை அழுத்தச் சொன்னார். டெஸ்டர் அழுத்தினார். டப் என்று வீடு முழுவதும் அணைந்தது. ரேடியோ பாதி வார்த்தையில் நின்றது.

"ட்ரிப்பர் நல்லாத்தான் வேலை செய்யுது," என்றார் மைத்துனர் ஏமாற்றத்தோடு.

"ரொம்ப நல்லா வேலை செய்யுது," என்றார் சர்வேயர். பிறகு டெஸ்டரிடம், அந்தப் போர்டின் முகப்பு மூடியில் உள்ள நான்கு திருகாணிகளையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார். எதற்கு என்று சொல்லவில்லை.

அதன் பிறகு எல்லோரும் பின்புறம் போனார்கள். கிரீம் நிறச் சுவர். அதில் சாம்பல் நிறப் பெட்டி. விபத்துக்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை. டெஸ்டர் சொன்னது சரிதான். பெட்டி தலைகீழாக இருந்தது. வயர் வரும் குழாய் கீழிருந்து ஏறி, பெட்டியைச் சுற்றிக்கொண்டு போய், மேலே இருந்த ஓட்டைக்குள் இறங்கியது. மேலே கீல் வைத்துத் தானாக விழுந்து மூடவேண்டிய மூடி, கீழ்ப்பக்கமாகத் திறந்து நாக்கைத் தொங்கப்போட்டது போல் தொங்கியது.

சர்வேயர் மூக்கு இடிக்கும் அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். பெட்டியின் பக்கவாட்டில் கிரீம் நிறத்தில் ஒரு கறை இருந்தது.

"இது என்ன மாப்ள?"

மைத்துனர் தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "காக்கா எச்சம் அத்தான்."

"உன் கடையில கண்ணாடி வாங்கறவங்களை நினைச்சா எனக்குக் கவலையா இருக்கு," என்றார் சர்வேயர். பிறகு அந்த அம்மாவிடம், சுவருக்குப் பெயிண்ட் அடித்தது பெட்டி வைப்பதற்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டார். பின்னால்தான், வயரிங் முடிந்து அடுத்த மாதம் அடித்தார்கள் என்று பதில் வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரம் நெருங்குகிறது என்று கடைக்காரர் முணுமுணுத்தார். அதற்குள் முடித்துவிடுவேன் என்றார் சர்வேயர். வாஷிங் மெஷின்மேல் கையை ஊன்றிக்கொண்டு, கடையில் விலை சொல்வது போன்ற சாதாரணக் குரலில் ஆரம்பித்தார்.

"முதல்ல டெஸ்டருக்குச் சொல்றேன். இந்தப் பெட்டியை நீங்க தலைகீழா மாட்டல."

டெஸ்டர் பெட்டிக்கு அருகே வந்து நின்றார்.

"இந்தக் கறையைப் பாருங்க. பெயிண்ட் அடிக்கும்போது தெறிச்ச துளி. பெயிண்ட் வழியும்போது வால் மேல நிக்கும், குண்டா திரண்டு காயற முனை கீழ இருக்கும். இங்க வால் கீழ இருக்கு, குண்டு முனை மேல இருக்கு. பெயிண்ட் மேல ஏறி வழியாது. அப்ப பெயிண்ட் அடிச்ச அன்னிக்கு இந்தப் பெட்டி நேரா இருந்திருக்கு. அதுக்கும் பிறகுதான் யாரோ கழட்டித் திருப்பியிருக்காங்க."

மைத்துனர் பெட்டிக்கு முன்னால் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். காக்கையைப் பற்றி மேலும் எதுவும் பேசவில்லை.

"யாரு?" என்றார் டெஸ்டர்.

"அதுக்கு ஸ்க்ரூவைப் பாருங்க. நீங்க மாட்டின வாசல் பெட்டியை வரும்போதே பார்த்தேன். நாலு ஸ்க்ரூ, தலையில இருக்கற வெட்டு நாலு பக்கம் பார்த்துக்கிட்டு இருக்கு. இறுக்கினா போதும்னு விட்டிருக்கீங்க. எல்லாரும் அப்படித்தான் விடுவாங்க. இந்தப் பெட்டியைப் பாருங்க."

எல்லோரும் பார்த்தார்கள். நான்கு திருகாணிகளின் வெட்டுகளும் மேலிருந்து கீழாக, நூல் பிடித்தது போல நேராக நின்றன. டெஸ்டர் மெல்ல, உள்ளே போர்டு மூடியிலும் இப்படித்தான் இருக்கிறது, அங்கேயும் நான் இப்படி நிறுத்தவில்லை என்றார்.

சர்வேயர் அடுத்த வரியைச் சொல்லவேண்டிய அவசியம் வரவில்லை. கதவுக் கீலிலும், கொக்கியிலும், அலமாரிக் கைப்பிடியிலும், நூற்றுக்கணக்கான சட்டங்களின் முதுகிலும் அந்த நேர்க்கோடுகளை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் அங்கேயே நின்றிருந்தார்.

"ஏங்க," என்றார் அந்த அம்மா. "மூடி பழுதாகித் தொங்குதுன்னு இருந்தேனே. இது உங்க கை."

கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. மறுப்பார் என்று மைத்துனர் எதிர்பார்த்தார். மாறாக, வெகு நாளாகத் தலையில் சுமந்ததை இறக்கப்போகிறவர் போல அவர் தோள்கள் தளர்ந்தன.

"அந்த மூடி உன் விரல்ல விழுந்துது. ஒரு லீவு நாள், நீ மெஷின்ல துணி போட்டுக்கிட்டு இருந்தே. மூடியைத் தூக்கிப் பிடிக்க ஒரு கை வேணும், பிளக்கைச் செருக ஒரு கை வேணும். உனக்கு..." அவர் தொங்கிய மூடியைக் காட்டினார். "திருப்பி மாட்டினா மூடி கீழ தொங்கும், ஒரு கை போதும்னு தோணுச்சு. தண்ணி போகும்னு தோணல."

"அதோட நிக்கல," என்றார் சர்வேயர். குரலில் கடுமை இல்லை. ஆனால் விடுவதாகவும் இல்லை. "மழை வந்ததும் தண்ணி உள்ள இறங்கி ட்ரிப்பர் விழ ஆரம்பிச்சுது. நீங்க டெஸ்டருக்குப் போன் பண்ணினீங்க. ஒரே ஒரு தடவை. மழை நிக்கல, போன் மட்டும் நின்னுடுச்சு. ஏன்? ட்ரிப்பர் விழறதை நீங்களே நிறுத்திட்டீங்க. வீட்டு லைன் முழுசையும் ட்ரிப்பர்லேருந்து பிரிச்சு நேரா மெயின்ல கொடுத்துட்டீங்க. விபத்து நடந்த பிறகு அதைப் பழையபடி மாத்தினீங்க. ரேடியோதான் சொல்லிச்சு. இப்ப ட்ரிப்பர் விழுந்தா ரேடியோ நிக்குது. அன்னிக்கு உங்க தம்பி கீழ விழுந்து கிடக்கும்போது ஒரு பாட்டு முழுசா பாடியிருக்கு."

"ட்ரிப்பர் விழுந்தா இவ முக்காலி போட்டு ஏறணும் சார். நான் கடையில இருப்பேன். ஒரு கையை வெச்சுக்கிட்டு இருட்டுல ஏறி விழுந்துட்டா? ஏற்கெனவே ஒரு தடவை நான் இவளை விழ வெச்சவன்."

அதற்குப் பிறகு அவர் எதையும் மறைக்கவில்லை. அன்று வண்டியை வேகமாக ஓட்டியது தான்தான். சாலை ஈரமாக இருந்தது, மெதுவாகப் போகலாம் என்று மனைவி சொன்னார், கேட்கவில்லை. அவருக்கு ஒரு கீறல் கூட இல்லை. மனைவிக்குக் கை போயிற்று. அன்றிலிருந்து வீட்டில் எதைப் பார்த்தாலும் அதில் அந்தக் கைதான் தெரிந்தது. இப்போது தம்பியின் கை. டெஸ்டர் ஓடி வந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதபோது உண்மையைச் சொல்லவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார். ஆனால் பழி தானாகவே இன்னொருவர் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது. எடுக்கத் துணிவில்லை. திட்டவும் மனம் வரவில்லை.

டெஸ்டர் கோபப்படுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். கோபம் வரத்தான் செய்தது. கழுத்து நரம்பு புடைத்தது. "பத்து நாளா நான் செத்துக்கிட்டு இருக்கேன்யா," என்றார். பிறகு அந்த மனிதரின் முகத்தைப் பார்த்ததும் கோபம் தானாக அடங்கிவிட்டது.

"அம்மா," என்று சர்வேயர் வீட்டுக்கார அம்மா பக்கம் திரும்பினார். "வாசல்ல இஸ்திரி போடறது யாரு?"

"நான்தான். தினமும் மத்தியானம்."

"இவர் பார்த்திருக்காரா?"

"இவர்தான் அப்ப கடையில இருப்பாரே."

"ஒரு தடவை செருகிக் காட்டுங்க."

எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். வாசல் பெட்டி நேராகத்தான் இருந்தது. அதன் மூடியும் தானாக விழும் மூடிதான். அந்த அம்மா பிளக்கைப் பிடுங்கினார். மூடி டக் என்று விழுந்தது. பிறகு பிளக்கை விரல்களுக்கு நடுவில் பிடித்தபடியே, புறங்கையால் மூடியின் விளிம்பை நெம்பினார். மூடி எழுந்து அவர் மணிக்கட்டின்மேல் உட்கார்ந்தது. பிளக் உள்ளே போயிற்று. கண்ணிமைக்கிற நேரம்கூட ஆகவில்லை.

கடைக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"முதல் நாள் விரல்ல விழுந்துது," என்றார் மனைவி. "ரெண்டாம் நாள் கத்துக்கிட்டேன். தீப்பெட்டியையும் அப்படித்தான் கத்துக்கிட்டேன், நீங்க ஆணியடிக்கறதுக்கு முன்னாடியே. சொன்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு சொல்லல. நீங்களும் ஒரு தடவைகூட என்னைக் கேட்கல." பிளக்கை மறுபடி பிடுங்கி மேசைமேல் வைத்தார். "சொல்லியிருந்தா தம்பி கை தப்பிச்சிருக்கும். அதுல எனக்கும் பங்கு இருக்கு."

டெஸ்டர் அப்போதுதான் சர்வேயரைப் பார்த்துக் கேட்டார். "அப்ப என் மேல ஒண்ணும் இல்லையா சார்?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த மனிதர் அன்றிரவே நிம்மதியாகத் தூங்கியிருப்பார். ஆனால் சர்வேயர் வேலையில் இருந்த காலத்திலும் யாருக்கும் நஷ்டத்தைக் குறைத்துச் சொன்னதில்லை, கூட்டியும் சொன்னதில்லை.

"இருக்கு. அந்த போன் வந்தப்போ நீங்க வந்து பார்த்திருந்தா, பெட்டி திரும்பியிருக்கறது ஒரு பார்வையில தெரிஞ்சிருக்கும். மழைக்கு அப்படித்தான் இருக்கும்னு சொன்னது தப்பு. ட்ரிப்பர் சும்மா விழாதுன்னு உங்களுக்குத் தெரியும். அது உங்களோடது, அதை நீங்க வெச்சுக்கணும். மத்தது உங்களோடது இல்ல. அதை இங்கேயே இறக்கி வெச்சிடுங்க."

டெஸ்டர் தலையாட்டினார். விசித்திரம் என்னவென்றால், குற்றமே இல்லை என்று சொல்லியிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட அதிகமான ஆறுதல் அவர் முகத்தில் தெரிந்தது. அளவு தெரிந்துவிட்ட பாரத்தைத் தூக்கலாம்.

கடைக்காரர் தான் என்ன செய்யவேண்டும் என்று கேட்டார். தம்பியிடம் நீங்களே சொல்லவேண்டும், இன்றைக்கே சொல்லவேண்டும் என்றார் சர்வேயர். டெஸ்டர் மேல் தவறில்லை என்று இந்தத் தெருவுக்கும் சொல்லவேண்டும். தம்பி மன்னிப்பாரா என்று கேட்டதற்கு, அது தன் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்.

டெஸ்டர் தன் பையைத் திறந்தார். பின்புறம் போய், மெயினை அணைத்து, டெஸ்டர் கருவியை வைத்து இரண்டு முறை சோதித்தார். கை நடுங்கத்தான் செய்தது, ஆனால் வேலை செய்தது. பெட்டியைக் கழற்றித் துடைத்து, ஓட்டை கீழே பார்க்கும்படி நேராக மாட்டினார். பெயிண்ட் துளி மறுபடி கீழ்நோக்கி வழிந்தது. நான்கு திருகாணிகளும் இறுகி, நின்ற இடத்தில் நின்றன. ஒன்று சாய்வாக, ஒன்று படுக்கையாக. கடைக்காரரின் விரல்கள் அனிச்சையாக அவற்றை நோக்கி நீண்டன. பாதியில் நிறுத்திக் கையைக் கீழே விட்டார்.

அந்த நேரம் பார்த்து மைத்துனர் தொண்டையைக் கனைத்தார். காலையிலிருந்தே அவரை அரித்துக்கொண்டிருந்தது வெளியே வந்துவிட்டது. டெஸ்டர் கை வைத்த வீட்டில் சுவரைத் தொடாதீர்கள் என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் வேடிக்கையாகச் சொன்னது தான்தான் என்றார். வேடிக்கை தெருவெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. இவரைப் பார்க்கவே தனக்கு முகமில்லை என்றார்.

"என் கடை வாசல்ல போர்டு லைட்டுக்கு ஒரு பாயின்ட் வைக்கணும். தெருவுக்கே தெரியற மாதிரி நடு மத்தியானம் வந்து வெச்சுக் குடுங்க," என்றார்.

"உங்க சுவரைத் தொடலாமா?" என்று கேட்டார் டெஸ்டர். பத்து நாளில் அவர் சிரித்தது அப்போதுதான்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் நேரமாகிவிட்டது. கடைக்காரர் வாசலில் நின்று மனைவியைப் பார்த்தார். தனியாகப் போய்ச் சொல்ல அவருக்குத் தைரியமில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. "நீயும் வர்றியா?" என்றார். கேட்டுக்கொண்டே, வழக்கம்போல அவருக்கு முன்னால் ஓடிப்போய் கேட்டின் தாழ்ப்பாளில் கை வைத்தார்.

"வரேன்," என்றார் அந்த அம்மா. "கையை எடுங்க. கேட்டை நானே திறந்துக்கறேன்."

அவர் கையை எடுத்துக்கொண்டார்.